தாளின் பின்பக்கம்

ஜூன் 4

அக்காவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே மேசை ஓரத்தில் போட்டுவிடுவீர்களோ என்று பயந்து, முகவரியைக் கடையில் அச்சடித்து ஒட்டியிருக்கிறேன். நாம் பேசிப் பதின்மூன்று வருடம் ஆகிறது. உங்கள் முகவரியை நம் பள்ளி அலுவலக எழுத்தர்தான் கொடுத்தார். உங்களுக்குக் காது முன்போல இல்லை, போனில் பேசினால் பாதி காற்றோடு போய்விடும் என்றும் சொன்னார். எனக்கும் கடிதம்தான் வசதி. எழுதும்போது யாரும் குறுக்கே பேச மாட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன்.

ஒன்று. நான் ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. வேதியியல் பாடப்புத்தகத்தைத் திருத்தி எழுதும் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு ‘கரைசல்கள்’ பாடம் என் பொறுப்பு. பதினாறு பக்கம்.

இரண்டு. பாடத்தின் கடைசியில் ஒரு பெட்டிச் செய்தி வரவேண்டும். தலைப்பு, ‘மாணவர்கள் பொதுவாகச் செய்யும் தவறுகள்’. அதற்கு நாம் இருவரும் சேர்த்துவைத்த படங்கள் தேவை. வருடா வருடம் பாடம் தொடங்கும் முன்பு அரைத்தாள் கொடுத்து, ‘தண்ணீரில் சர்க்கரை போட்டுக் கலக்கியாயிற்று, எல்லாவற்றையும் பெரிதாகக் காட்டும் கண்ணாடி ஒன்று உங்களிடம் இருக்கிறது, உள்ளே என்ன தெரியும், வரையுங்கள்’ என்று கேட்போமே, அந்தப் படங்கள். பிஸ்கட் பெட்டியோடு அவற்றை நீங்கள் கொண்டுபோனது எனக்குத் தெரியும்.

மூன்று. ஆகஸ்ட் கடைசிக்குள் பாடத்தைக் கொடுக்க வேண்டும். பெட்டியைப் பதிவுத் தபாலில் அனுப்பினால் நகல் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பி அனுப்புவேன்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

பக்கத்து மேசைக்காரன்

*

ஜூன் 12

தம்பிக்கு,

அச்சடித்த முகவரியைப் பார்த்து மின்வாரியத்திலிருந்து வந்திருக்கிறது என்று நினைத்து முதல் வேலையாகப் பிரித்தேன். ஏமாற்றிவிட்டீர்கள்.

பெட்டி இருக்கிறது. மூடி துருப்பிடித்துவிட்டது, திறக்க ஸ்பூன் வேண்டும். என் மகன் வீட்டில் எனக்குக் கொடுத்திருக்கும் அறையில் ஜன்னலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். அறுநூற்று நாற்பது படங்கள். உங்கள் கடிதம் வந்தபிறகு நாலு நாளாக மதியச் சாப்பாட்டுக்குப் பின் தூங்காமல் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒருவன் வெறும் டம்ளரை வரைந்து ‘காணோம்’ என்று எழுதியிருக்கிறான். ஒருத்தி சர்க்கரைக்கு வாய் வைத்து, தண்ணீரைக் குடித்துக்கொண்டிருப்பதாக வரைந்திருக்கிறாள். அடுத்தவள் தண்ணீர் சர்க்கரையைச் சாப்பிடுவதாக வரைந்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே பெஞ்ச், சண்டை நடந்திருக்க வேண்டும். நூறு கிராம் தண்ணீரில் பத்து கிராம் சர்க்கரை போட்டால் எடை நூறுதான், ஏனென்றால் சர்க்கரை போய்விட்டதே என்று கணக்கு எழுதியவர்கள் மட்டும் நூற்றுப் பத்துப் பேர். பிள்ளைகளுக்குக் கண்ணில் படாதது கனக்காது.

பல்லு நீண்ட ஒரு பையன் நினைவிருக்கிறதா? டம்ளரின் அடியில் மட்டும் சர்க்கரையை அடைத்து வரைந்திருந்தான். கரைசல் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும் என்று நாம் தொண்டை வறளக் கத்தியும் அவன் மாற்றிக்கொள்ளவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன். “டீச்சர், எங்க வீட்டுல டீ கடைசி வாய்தான் இனிக்கும்”னான். அவன் அம்மா வேலைக்கு ஓடுகிறவர், கலக்க நேரமில்லை. அவன் குடித்த டீயை அவன் சரியாகத்தான் வரைந்திருந்தான். ஒரு கண்ணாடிக் குச்சியைக் கையில் கொடுத்து, “நீயே கலக்கிக் குடிச்சுப் பாத்துட்டு வந்து மறுபடி வரை”ன்னேன். மறுநாள் வந்து வரைந்தான்.

அதனால் ‘தவறுகள்’ என்ற தலைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

அந்தப் படங்களோடு சேராத ஒரு தாளும் பெட்டியில் இருக்கிறது. எது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் மகளின் ஒன்பதாம் வகுப்பு அரையாண்டு விடைத்தாள். நீங்கள் குப்பைக்கூடையில் போட்டீர்கள், நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு நடந்ததை நான் பார்த்தவரை எனக்குத் தெரியும். உங்கள் பக்கத்தை நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. அதை உங்கள் கைப்பட எழுதுங்கள். பெட்டி வரும்.

வாயாடி எப்படி இருக்கிறாள்? ஜாடி என்ன ஆயிற்று?

அக்கா

*

ஜூன் 20

அக்காவுக்கு,

கடிதம் முழுக்க என்னை ‘நீங்கள்’ போட்டு எழுதியிருக்கிறீர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னை ‘நீ’ என்று கூப்பிட்டவர் நீங்கள். அதுதான் சுட்டது. மற்றதெல்லாம் எதிர்பார்த்ததுதான்.

கேட்டதை எழுதுகிறேன்.

ஒன்று. கேள்வி நான் கேட்டது. ‘ஒரு நிறைவுற்ற கரைசலில் சிறிதளவு படிகம் கரையாமல் அடியில் கிடக்கிறது. இனி என்ன நடக்கும்? படத்துடன் விளக்குக.’ ஐந்து மதிப்பெண். விடைக்குறிப்பும் நான் எழுதியதே. ‘இனி எதுவும் கரையாது.’

இரண்டு. அவள் எழுதியிருந்தது எனக்கு வரிவரியாக ஞாபகம் இருக்கிறது. ‘படிகம் கரைந்துகொண்டே இருக்கும். எவ்வளவு கரைகிறதோ அவ்வளவு கரைசலிலிருந்து திரும்பி வந்து அதன்மேல் ஒட்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும்.’ மேலே ஒரு அம்பு, கீழே ஒரு அம்பு. பாகங்களைக் குறிக்கவில்லை.

மூன்று. அதைத் திருத்திய அன்று காலையில் ஆசிரியர் அறையில் நம் புவியியல்காரர் எல்லார் முன்னாலும், “உங்க பொண்ணுக்கு என்ன சார் கவலை, கேள்வித்தாள் எழுதுற கையாலதானே சோறு ஊட்டுறீங்க?” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். சிரிப்புக்கு நடுவில் நீங்களும் இருந்தீர்கள். அந்த ஆண்டு முழுக்க அவள் விடைத்தாளைத் திருத்தும்போது மட்டும் என் பேனா கொஞ்சம் அழுத்தி எழுதும். வேறு பிள்ளை எழுதியிருந்தால் இரண்டு மதிப்பெண்ணாவது போட்டிருப்பேன். அவளுக்குப் பூஜ்யம் போட்டேன்.

நான்கு. போட்டதோடு விட்டிருக்கலாம். விடைத்தாள் கொடுக்கும்போது அவள் பதிலைக் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி வாசித்துக் காட்டினேன். “இதுக்கு மேல கரையாதுங்கற கரைசல்ல இன்னும் கரைஞ்சுக்கிட்டே இருக்காம். பெரிய கண்டுபிடிப்பு, எல்லாரும் கை தட்டுங்க.” தட்டினார்கள். நாற்பது பேர்.

ஐந்து. நீங்கள் ஆய்வகத்திலிருந்து குச்சியும் கையுமாக வந்து வாசலில் நின்றீர்கள். “அவ எழுதுனது சரி தம்பி, இப்பவே இவங்க முன்னாடியே சொல்லு” என்றீர்கள். வகுப்பு பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. “பாடத்துல இல்லாததை நீங்கதான் சொல்லிக் குடுத்துக் கெடுக்கறீங்க. உங்க ஏழாம் வகுப்போட நிறுத்திக்கங்க” என்று சொல்லி, அவள் தாளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டேன். பள்ளி விட்டபின் அவள் தினமும் உங்கள் ஆய்வகத்தில்தானே எனக்காகக் காத்திருப்பாள்? நீங்கள் சொல்லிக்கொடுக்காமல் பதினாலு வயதுப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

இவ்வளவுதான் என் பக்கம்.

ஜாடி இருக்கிறது. அடுத்த வாரமே நீங்கள் மயில்துத்தத்தை இனிமேல் கரையாது என்கிற அளவுக்குக் கரைத்து ஊற்றி, ஒரு படிகத்தின் முனையை அரத்தால் தேய்த்து மழுக்கி, எடை போட்டு, நூலில் கட்டித் தொங்கவிட்டு, மூடியை மெழுகால் அடைத்தீர்கள். “நீயும் நானும் கத்த வேண்டாம், ஜாடியையே கேப்போம். ஒண்ணும் நடக்கலேன்னா முனை மொட்டையாவே இருக்கும். போறதும் வர்றதுமா இருந்தா எடை மாறாது, முனை மட்டும் வளர்ந்திருக்கும். ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம்” என்று சொல்லி, லேபிளில் என்னையும் கையெழுத்துப் போடவைத்தீர்கள். ஆறாவது மாதம் நீங்கள் ஓய்வு பெற்று ஊர் மாறிப் போயிருந்தீர்கள். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. நான் ஜாடியைத் துண்டில் சுற்றிப் பள்ளி அலமாரியில் வைத்து, ஓய்வு பெற்றபோது வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதே துண்டோடு அலமாரி மேல் வைத்திருக்கிறேன். பிரித்துப் பார்க்கவில்லை.

மகள் இதே ஊரில்தான் தனியாக வீடு எடுத்து இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் டெக்னீஷியன். பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் எடுத்து, அதையும் விட்டு, சுற்றிச் சுற்றி இந்த வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை வருவாள். மாத்திரை வாங்கி வந்திருக்கிறேன், சாப்பிட்டீர்களா, கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள் என்பாள். அவள் அம்மா போனபிறகு அவ்வளவுதான் பேச்சு. நீங்கள் வைத்த ‘வாயாடி’ என்ற பட்டப்பெயரைக் கேட்டால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள்.

தம்பி

*

ஜூலை 1

தம்பிக்கு,

நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதை எழுதப் பதின்மூன்று வருடம் ஆகியிருக்கிறது. அன்றைக்கே வகுப்பு வாசலில் சொல்லியிருக்கலாம். என்மேல் பழி போட்டாயே என்ற ரோஷத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் ஆய்வகத்தில் எனக்குச் செய்த வேலையெல்லாம் சோதனைக்குழாய் கழுவுவதும், கழுவும்போது விடாமல் பேசுவதும்தான். ஒருநாள் என்னிடம் கேட்டாள், “அத்தை, உப்புத் தண்ணில உப்பு போதும்னு தண்ணிக்கு எப்படித் தெரியும்?” நான் பதில் சொல்லவில்லை. நல்ல கேள்வி, வைத்துக்கொள் என்றேன். என்னிடம் ஆயிரம் உதாரணம் உண்டு என்று எல்லாரும் கேலி செய்வீர்களே, அதற்கு மட்டும் அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவளே கண்டுபிடித்தாள். எங்கே கண்டுபிடித்தாள் என்பது விடைத்தாளில் இருக்கிறது.

குப்பைக்கூடையிலிருந்து எடுத்துக் கசங்கலை நீவியபோதுதான் நான் பார்த்தேன். முன்பக்கத்தில் இடம் போதாமல் ‘பின்பக்கம் பார்க்க’ என்று அம்பு போட்டிருக்கிறாள். நீ பார்க்கவில்லை. பூஜ்யம் போட்டபின் திருப்ப என்ன இருக்கிறது? எத்தனையோ ஆயிரம் தாள் திருத்தியவர்கள் நாம். பிடிக்காத பதிலின் பின்பக்கத்தைத் திருப்பாமல் விட்டது நீ மட்டும் என்று சொல்லமாட்டேன்.

பெட்டியை இன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். விடைத்தாள் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும். உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, திருப்பிப் பார்.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தத் தாளை அன்று சாயங்காலமே உன் மேசையில் வைத்திருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். வைக்கவில்லை. நான் சரி, நீ தப்பு என்பதற்கு என் கையில் ஒரு சாட்சி இருக்கிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது. என்னை அத்தை என்று கூப்பிட்ட பிள்ளைக்கு ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம், அதுவும் செய்யவில்லை. உன்னைக் குறை சொல்ல ஒரு தாள் இருக்கிறது. என்னைக் குறை சொல்ல அதே தாள் போதும்.

அக்கா

*

ஜூலை 9

அக்கா,

பெட்டி வந்தது. திருப்பிப் பார்த்தேன்.

பஸ்.

ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். முன்வாசலில் இறங்குகிறவர் மூன்று பேர், பின்வாசலில் ஏறுகிறவர் மூன்று பேர். கண்டக்டருக்கு விசில்கூட வரைந்திருக்கிறாள். கீழே எழுதியிருக்கிறாள்: ‘எங்கள் பஸ் எப்போதும் நிறைந்தே வரும். ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் மாறுகிறார்கள். இறங்குகிற அளவே ஏற முடியும். தூரத்திலிருந்து பார்த்தால் அதே கூட்டம் என்றுதான் தோன்றும்.’

ஜன்னல் ஓரத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக் குனிந்திருக்கிறார். பக்கத்தில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஒன்பது வருடம் தினமும் காலையும் மாலையும் அவளோடு அந்த பஸ்ஸில் போனேன். அவள் ஏதாவது சொல்ல வாய் திறந்தால், “அப்பா தாள் திருத்தறேன்ல, அப்புறம்” என்பேன். அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்திருக்கிறாள். நான் அதை நீங்கள் சொல்லிக்கொடுத்தது என்று பழி போட்டுவிட்டேன்.

இன்று எண் போட்டு எழுத வரவில்லை.

போன கடிதத்தில் என் பக்கம் இவ்வளவுதான் என்று எழுதினேனே, அது பொய். மிச்சம் இருக்கிறது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கல்லூரியில் படித்த தடிப் புத்தகத்தை எடுத்து நின்றுகொண்டே பார்த்தேன். அவள் எழுதியது அப்படியே இருந்தது. நானே ஒரு காலத்தில் அடிக்கோடு போட்டிருந்தேன். படித்ததைத்தான் மறந்திருந்தேன், பாடம் எடுத்து எடுத்து. அது தெரிந்தபிறகுதான் நீங்கள் ஜாடியைக் கொண்டுவந்தீர்கள். ஒன்றும் தெரியாதவன் மாதிரி அதில் கையெழுத்துப் போட்டேன். துண்டில் சுற்றி வைத்ததும் அதனால்தான். கண்ணாடி வழியாகவே முனை தெரிந்துவிடுமே.

மறுநாள் வகுப்பில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாற்பது முகத்தைப் பார்த்ததும் அடுத்த பாடத்தை எடுத்துவிட்டேன். இப்போது அந்த நாற்பது பேரை நான் எங்கே போய்த் தேடுவது? அவளிடம் போய், பதின்மூன்று வருடம் கழித்து, என்னவென்று ஆரம்பிப்பது?

தம்பி

*

ஜூலை 17

தம்பி,

நாற்பது பேர் எதற்கு? அவர்கள் கை தட்டியதை அன்று சாப்பாட்டு மணி அடித்ததும் மறந்திருப்பார்கள். ஒருத்திதான் பாக்கி. அவள் வாராவாரம் மாத்திரையோடு உன் வீட்டுக்கே வருகிறாள். இதைவிடச் சுலபமாக யாருக்கு அமையும்?

சர்க்கரையைக் கலக்கினால் சீக்கிரம் கரையும். கலக்காவிட்டாலும் கரையும், நாளாகும். டப்பாவிலேயே மூடி வைத்திருந்தால் மட்டும் எத்தனை வருடமானாலும் சர்க்கரை சர்க்கரையாகவே இருக்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னதுதான், உனக்கும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டாயே. ஜாடியை வைத்து ஆரம்பி. முனை வளர்ந்ததா என்று கண்ணால் பார்க்கலாம். எடை மாறவில்லை என்று காட்டத் தராசு வேண்டும். உன் வீட்டில் தராசு இல்லை. காய்கறிக்காரர் தராசில் தூக்கி வைத்துவிடாதே, நீ செய்யக்கூடிய ஆள். அவளிடம் கேள். எதற்கு என்று கேட்பாள். பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எனக்கு அந்த ஆய்வகம் அடிக்கடி கனவில் வருகிறது. நாலு மணி வெயில் மேற்கு ஜன்னல் வழியாக வந்து நீலச் சீசாக்கள்மேல் விழும், உன் மாலைச் சிறப்பு வகுப்பிலிருந்து உன் குரல் வரும், “சத்தமா! கடைசி பெஞ்சுக்குக் கேக்கல!” குழாயடியில் அவள் அதைக் கேட்டு அப்படியே உன்னைப்போலச் சொல்லிக் காட்டுவாள். நான் சிரித்து பீக்கரைக் கீழே போட்டிருக்கிறேன். உடைந்த கணக்கில் உன் பெயரை எழுதச் சொன்னாள் கழுதை.

இந்த ஞாயிறே கேள். தள்ளிப்போடாதே.

அக்கா

*

ஆகஸ்ட் 3

அக்கா,

ஒரு ஞாயிறு தள்ளிப்போட்டேன். நேற்றுதான் நடந்தது. இன்று காலையில் முதல் வேலையாக எழுதுகிறேன்.

போன வாரம் அவள் கிளம்பும்போது வாசலில் வைத்து, “ஒரு சின்னத் தராசு கிடைக்குமா, கிராமுக்குக் கீழ ரெண்டு இலக்கம் காட்டணும்” என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை. நேற்று ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிய எலக்ட்ரானிக் தராசோடு வந்தாள். நான் ஜாடியைத் துண்டோடு சாப்பாட்டு மேசைமேல் வைத்திருந்தேன். அதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“அத்தையோட ஜாடிதானே?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“மெழுகு உருக்கி ஊத்தினது யாருன்னு நினைச்சீங்க?”

துண்டை நான் பிரித்தேன். நீலம் கொஞ்சமும் மங்கவில்லை. படிகம் நூலில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், அக்கா. மழுங்கிய முனை எது என்றே தெரியவில்லை. எல்லா முனையும் கத்தி மாதிரி இருந்தது.

நான் மூடியில் கை வைத்ததும் அதட்டினாள். “வெறுங்கையோட தொடாதீங்க. நீங்கல்லாம் எப்படித்தான் லேப் நடத்துனீங்களோ.” பையிலிருந்து கையுறை எடுத்து மாட்டிக்கொண்டு மெழுகைச் சுரண்டினாள். இடுக்கியால் படிகத்தை எடுத்தாள். நான், “ஈரத்தோட நிறுக்கக் கூடாது, வடிதாள்ல” என்று ஆரம்பிக்கும்போதே ஒற்றி முடித்திருந்தாள்.

லேபிளில் உங்கள் கையெழுத்தில் 4.18 கிராம். தராசில் 4.16.

“ரெண்டு பாயிண்ட் குறையுதே” என்றேன். பழக்கதோஷம்.

“அன்னிக்கு இருந்த சூடு இன்னிக்கு இல்ல. அதுவும் இல்லாம வேற தராசு. விடுங்கப்பா, பாஸ் போடுங்க.”

விடைத்தாளை எடுத்து மேசைமேல் பின்பக்கமாக வைத்தேன். பஸ்ஸைப் பார்த்தாள். பிறகு, “இந்தக் கண்டக்டருக்கு நிஜமாவே இவ்வளவு பெரிய மீசை” என்றாள்.

நான் சொன்னேன். வாசித்துக் காட்டியதிலிருந்து தடிப் புத்தகம் வரை எல்லாவற்றையும். அன்று சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிட்டது என்றபோது அவள் தலை நிமிரவில்லை.

“தெரியும்ப்பா.”

“என்ன தெரியும்?”

“நான் டிபன் பாக்ஸ் கழுவிட்டு இருந்தேன். நீங்க செருப்பக்கூடக் கழட்டாம புத்தகத்தை எடுத்துப் பாத்தீங்க. தலைகீழா வெச்சுட்டுப் போனீங்க. நான் போய் அதே பக்கத்தை எடுத்துப் படிச்சேன். உங்க அடிக்கோடு இருந்துச்சு. எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? நாளைக்கு அப்பா கிளாஸ்ல சொல்லிடுவாருன்னு.” கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள். “செவ்வாய்க்கிழமை பாத்தேன். புதன்கிழமை பாத்தேன். அப்புறம் வாராவாரம் பாத்தேன். அப்புறம் பத்தாங்கிளாஸ் வந்துருச்சு.”

அக்கா, அவள் பதில் தப்பு என்று நான் நினைத்ததுதான் அவளுக்கு வலித்தது என்று இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது ஒரு பகல்தான் வலித்திருக்கிறது. மிச்சம் முழுக்கக் காத்திருந்தது.

“இப்ப சொல்லுங்க” என்றாள்.

“நீ எழுதினது சரி. நான் போட்ட மார்க் தப்பு.” பாதிதான் வெளியே வந்தது.

அவள் எழுந்து போய் அறையின் அந்தக் கோடியில், சுவரோரம் இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

“சத்தமா. கடைசி பெஞ்சுக்குக் கேக்கல.”

அச்சு அசல் என் குரல். நான் எழுந்து நின்று சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். “என்ன சார் ஆச்சு?” என்றார். “ஒண்ணுமில்ல அங்கிள், பேப்பர் கொடுக்கறாரு” என்றாள்.

பிறகு பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. அவள் வேலையில் தினமும் இதேதானாம். மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் ரத்தம், இந்தப் பக்கம் கரைசல். வேண்டியது சம அளவில் இருந்தால் இரண்டு பக்கமும் போய் வந்து கணக்கு மாறாமல் நிற்கும், கழிவு மட்டும் இந்தப் பக்கம் வந்துவிடும் என்றாள். புதிதாகச் சேருகிறவர்கள், சமமானால் எல்லாம் நின்றுவிடும் என்றுதான் முதலில் நினைக்கிறார்களாம். “அவங்களுக்கு நான் பஸ் கதைதான் சொல்றேன். கண்டக்டரோட.”

ஐந்து மணிக்குக் கிளம்புகிறவள் எட்டு மணி வரை இருந்தாள். போகும்முன் சிவப்புப் பேனாவைக் கையில் கொடுத்து மார்க்கைத் திருத்தச் சொன்னாள். “மொத்தத்தையும் மாத்துங்க, அத்தை கூட்டிப் பாப்பாங்க.” மாற்றினேன். இரண்டாவது தேர்வாளராக நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும் என்கிறாள். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பஸ்ஸை மட்டும் நகல் எடுத்துக்கொண்டேன், அவள் சம்மதத்தோடு. பெட்டிச் செய்தியின் தலைப்பையும் மாற்றிவிட்டேன். ‘மாணவர்கள் கரைசலுக்குள் பார்த்தவை.’ குழுவில் ஆட்சேபம் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன், குரல் இருக்கிறது.

படிகத்தை அவள் சும்மா விடவில்லை. ஒரு முனையைத் தேய்த்து மழுக்கி, எடை போட்டு, மறுபடி கட்டித் தொங்கவிட்டு, மெழுகு ஊற்றிவிட்டாள். புது லேபிளில் மூன்று கோடு போட்டிருக்கிறாள். இரண்டில் கையெழுத்து ஆகிவிட்டது.

தம்பி

*

ஆகஸ்ட் 11

தம்பி,

கடிதத்தை நாலு தடவை படித்தேன். என் மகன் வந்து, “என்னம்மா, அழறியா சிரிக்கிறியா?” என்றான். இரண்டும் என்றேன். அவனுக்கு எங்கே புரியப்போகிறது.

விடைத்தாளைக் கூட்டிப் பார்த்தேன். எழுபத்தொன்றோடு நாலரை, எழுபத்தைந்தரை. கூட்டல் சரி. நாலரை எப்படி வந்தது என்று முன்பக்கம் திருப்பினேன். ஓரத்தில் சிவப்பில், ‘பாகங்கள் குறிக்கப்படவில்லை, அரை மதிப்பெண் குறைவு’. நீ திருந்தவே மாட்டாய். பஸ்ஸில் எந்தப் பாகத்தைக் குறிக்கச் சொல்கிறாய், சக்கரத்தையா?

இரண்டாவது தேர்வாளர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போடாமல் தாளைப் பையில் வைத்திருக்கிறேன். அந்த அரை மார்க்கை வாங்காமல் விடமாட்டேன், இதைக் கடிதத்தில் தீர்க்க முடியாது. லேபிளில் மூன்றாவது கோடும் பாக்கி இருக்கிறது. வாயாடியிடம் சொல், அத்தைக்குக் காது மந்தம், பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும், நிறையப் பேச வேண்டும்.

இருபதாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். அது எப்போதும் நிறைந்துதான் வரும், உனக்கு இடம் கிடைக்காது, காரில் போ என்கிறான் மகன். யாராவது இறங்குவார்கள், நான் ஏறிக்கொள்வேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா